சிம்ரன் தைத்த ஜீப்புக்காரச் சட்டை

என் மாமனாருக்கு மூன்று பெண் பிள்ளைகள். மூத்தவள் அய்யம்மாள். எனக்கு வாக்கப்பட்டவள். அடுத்தவள் முத்துலட்சுமி. இரண்டு பேருக்கும் வீட்டுப் பெரியாட்கள் வைத்த பெயர். பிறகு ரொம்ப வருசம் கழித்து, இனிமேல் இல்லை என்று எல்லாரும் இருந்தபோது மூன்றாவது ஒன்று பிறந்தது. அதற்குள் தெருவுக்கு டி.வி. வந்துவிட்டது. பெயர் வைக்கிற அன்றைக்கு மாமனார் குலசாமி பெயரைச் சொல்லத் தொண்டையைக் கனைத்தார். அவர் கனைத்து முடிப்பதற்குள் என் மாமியார் குனிந்து பிள்ளை காதில் "சிம்ரன், சிம்ரன், சிம்ரன்" என்று சொல்லிவிட்டது. காதில் விழுந்த பெயரை மாற்றக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். முடிந்தது கதை.

அந்தச் சிம்ரன் ஆம்பளைகளுக்குச் சட்டை தைக்கிற ஆளாக வந்து நிற்பாள் என்று அன்றைக்கு எவன் கண்டான்?

பன்னிரண்டாவது முடித்ததும் நர்சு வேலைக்குப் படி என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் சொன்னார்கள். அவள் துணி வெட்டப் படிக்கப் போகிறேன் என்றாள். மாமனார் திராட்சைப் பந்தலுக்குள் நின்றபடியே, "தையக்காரனுக்கு எதுக்குத்தா காலேசு? கம்பத்துல தெருவுக்கு ஒருத்தன் உக்காந்துருக்கான், போய்ப் பக்கத்துல உக்காரு" என்றார். அவள் சோற்றைத் தொடவில்லை. கடைசியில் மாமனாரே போய்க் கோயம்புத்தூரில் சேர்த்துவிட்டு வந்தார்.

படித்து முடித்துத் திருப்பூரில் ஒரு கம்பெனியில் வேலை. நல்ல வேலைதான். ஆம்பளைச் சட்டைக்குக் காலர் இப்படி இருக்க வேண்டும், கை இப்படி இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிற வேலை. லீவில் வரும்போது கேட்டால் முகம் கொடுக்க மாட்டாள். ஒருநாள் சொன்னாள்: "நான் வெட்டுன சட்ட எங்கெங்கயோ போகுது மச்சான். எவன் போடுறான்னு எனக்குத் தெரியல. எவ வெட்டுனான்னு அவனுக்கும் தெரியல. கழுத்துல வேற எவன் பேரோ இருக்கு."

"சம்பளம் வருதுல்ல?" என்றேன். முறைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஒரு சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்திருந்தாள். மலையைப் பார்த்து நாளாச்சு, உங்க வண்டியில் வருகிறேன் என்றாள். நான் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் பெண்ணாட்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்புக்காரன். விடியும்போது கிளம்புவோம். கீழே பள்ளத்தாக்கில் அந்த நேரத்திலேயே கழுத்தில் வேர்க்கும். மேலே போகப் போகப் பல் கிட்டும். எங்கள் ஜீப்பில் கதவு கிடையாது, பக்கத்துப் படுதா பாதிதான் இருக்கும். காற்று நேரே நெஞ்சில் அடிக்கும். ஸ்வெட்டர் போடலாமே என்பீர்கள். கழற்றினால் வைக்க இடம் வேண்டும். பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், தூக்குச்சட்டி மடியில்.

அதனால் நாங்கள் ஒன்று செய்வோம். பாதி மலையில் ஒரு வளைவு இருக்கிறது. அங்கே வண்டியை ஓரங்கட்டி, பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்து முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி மாட்டிக்கொள்வோம். முதுகு நெஞ்சுக்கு வந்துவிடும். பொத்தான் இல்லாத பக்கம் முன்னால் இருந்தால் காற்று உள்ளே நுழையாது. இறங்கும்போது அதே இடத்தில் நேராக்கிக்கொள்வோம். கம்பம் ஜீப் ஸ்டாண்டில் உள்ள எல்லாரும் இப்படித்தான். யார் ஆரம்பித்தது என்று கேட்டால் எவனுக்கும் தெரியாது.

அன்றைக்கும் நிறுத்திச் சட்டையைத் திருப்பி மாட்டினேன். சிம்ரன் வாய்விட்டுச் சிரித்தாள்.

"என்ன மச்சான், இத்தன வயசுக்குச் சட்ட போடத் தெரியலையா? எங்க அக்கா பொத்தான் போட்டுவிட்டுத்தான் அனுப்புமா?"

பின்னால் இருந்த பெண்ணாட்கள் எல்லாம் கெக்கலித்தார்கள். அவர்களில் பெரியவள் அன்னத்தாய். எதையும் விடமாட்டாள். "ஒங்க மச்சான் எந்தப் பக்கம் போறாருன்னே எங்களுக்குத் தெரியாது பாப்பா. மூஞ்சியப் பாத்துத்தான் வண்டி ஏறுவோம்" என்றாள்.

நான் கியரைப் போட்டேன். கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் பார்த்தால் சிம்ரன் என் முதுகையே பார்த்துக்கொண்டு வருகிறாள். மெட்டு போய்ச் சேருகிறவரை பார்த்தாள். இறங்கியதும், "அதக் கழத்துங்க" என்றாள். கழற்றிக் கொடுத்தேன். அக்குள் கிழிந்திருந்த இடத்தில் விரலை விட்டு ஆட்டினாள்.

"பாத்தீகளா? சட்டைக்கு முன்வெட்டு வேற, பின்வெட்டு வேற. திருப்பிப் போட்டா இங்கன இழுக்கும். எல்லார் சட்டையும் இந்த எடத்துலதான் கிழிஞ்சிருக்கும், போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தோம். ஸ்டாண்டில் ஒருத்தன் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் அங்கேதான் கிழிந்திருந்தது. இத்தனை வருசமாகப் பெண்டாட்டிமார் தைத்துத் தைத்துக் கொடுக்கிறார்கள், நாங்களும் போட்டுக் கிழிக்கிறோம்.

ஆடி பிறக்கும்போது வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். ஒரு வருசத்துக்குள் மனசு மாறினால் வா, இடம் இருக்கும் என்று கம்பெனியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாமியார் அழுதது. மாமனார் பந்தலுக்குள் போய்விட்டார். இவள் ஸ்டாண்டுக்கு எதிரே டயர்க்கடை மாடியில் ஒரு ரூம் பிடித்து இரண்டு மெஷினைப் போட்டாள். துணி ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டியில் தறிக்காரர்களிடம் சொல்லி நெய்து வாங்கினாள். காய்ந்த ஏலக்காய்த் தோல் மாதிரி ஒரு நிறம். வாசலில் "மெட்டு" என்று ஒரு போர்டு. மலையேறி நிற்கிற இடத்தின் பெயர்தான் சட்டைக்கும். கழுத்துக்கு உள்ளே மட்டும் தன் பெயரைத் தைத்தாள்.

முதல் சட்டையைக் கருத்தக்கண்ணனுக்குக் கொடுத்தாள். என்னைவிடச் சின்னவன், ஸ்டாண்டிலேயே வாய் அதிகம். சட்டையில் முன்வெட்டு பின்வெட்டு என்று கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே வெட்டு. ஒரு பக்கம் பொத்தான், மறுபக்கம் இரட்டைத் துணி. ஏறும்போது இரட்டைத் துணி நெஞ்சுக்கு. இறங்கும்போது பொத்தான் பக்கம் முன்னால், திறந்துவிட்டால் காற்று வரும், இரட்டைத் துணி முதுகு வேர்வையைக் குடித்துக்கொள்ளும். எல்லாம் சரி. ஆனால் பாக்கெட்டை வழக்கம்போல மார்பில் வைத்துவிட்டாள். திருப்பிப் போட்டதும் பாக்கெட் முதுகுக்குப் போய்விட்டது. உள்ளே அவன் போன். சாய்ந்து உட்கார்ந்தான். சத்தம் எனக்குக் கேட்டது.

"ஏத்தா சிம்ரனு! சட்டையக் கொடுத்துப் போனப் புடுங்கிட்டியே!" என்று கீழே இருந்து மாடியைப் பார்த்துக் கத்தினான்.

"முதுகுல போன் வச்சது யாருண்ணே?"

"முதுகுல பாக்கெட் வச்சது யாருத்தா?"

அடுத்த சட்டையில் பாக்கெட் விலாப்பக்கம் தையலோடு தையலாகப் போனது. எப்படிப் போட்டாலும் கைக்கு அகப்படும். இப்படி வெட்டுவாள், போடச் சொல்லுவாள், பிரிப்பாள், மறுபடி வெட்டுவாள். தை மாதம்தான் அவளுக்குத் திருப்தியானது. ஸ்டாண்டில் எங்கள் நாலைந்து பேருக்குக் கொடுத்து, "தெனமும் போடுங்க. தண்ணியில அலசுனாப் போதும். பெட்டி போட்டுத் தேய்க்கக் கூடாது. துணி எப்பிடிப் பழசாகுதுன்னு பாக்கணும்" என்றாள். போட்டோம். உண்மையைச் சொன்னால், கழற்ற மனசு வராத சட்டை அது.

விற்கப் போனபோதுதான் தெரிந்தது உலகம். பழனிசெட்டிபட்டியில் ஒரு ரெடிமேடு கடைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் சட்டையை இப்படியும் அப்படியும் புரட்டினார்.

"இதுல முன்னாடி எதும்மா?"

"ரெண்டும் முன்னாடிதாண்ணே."

"அப்பப் பின்னாடி?"

"ரெண்டும் பின்னாடிதான்."

அவர் சட்டையை அழகாக மடித்துக் கையில் கொடுத்து, எங்கள் இரண்டு பேருக்கும் டீ வரவழைத்தார். நல்ல மனுசன். சட்டை மட்டும் வேண்டாம்.

இவள் விடவில்லை. நாங்கள் அந்த வளைவில் நின்று சட்டையைத் திருப்புவதை முதுகுப் பக்கமிருந்து போட்டோ பிடித்து இன்ஸ்டாவில் போட்டுக்கொண்டே இருந்தாள். ஆனி மாதம் கொச்சியிலிருந்து ஒருத்தர் பேசினார். பெயர் பிரின்ஸ். துணிக்கடைக்காரர்.

"அவுக கடையில பெரிய கம்பெனிச் சட்டையே கெடையாது மச்சான்" என்று மூச்சு வாங்கச் சொன்னாள். "என்ன மாதிரி தனியாத் தைக்கிறவுகளத் தேடித் தேடிப் பிடிச்சு வாங்குறாக. ஒவ்வொரு ஓணத்துக்கும் புது ஆளு ரெண்டு மூணு பேர எடுப்பாகளாம். சனிக்கெழம நேர்ல வாறாக."

"ஏலக்காய்க் குவியல்ல முதல்தரத்தப் பொறுக்குற மாதிரியா?"

"அதேதான். பொறுக்கலேன்னா முடிஞ்சுச்சு. திங்கக்கெழமையோட அவங்க சொன்ன வருசம் முடியுது, திருப்பூருக்குப் பதில் சொல்லணும். அதுக்கு மேல எடம் வச்சிருக்க மாட்டாங்களாம். பிரின்ஸ் வேணாமுன்னா ரூமக் காலி பண்ணிட்டுப் போயிருவேன்."

சொல்லும்போது சிரித்த மாதிரிதான் இருந்தாள்.

எங்களிடம் அவள் கேட்டது ஒன்றுதான். "சனிக்கெழம அந்தச் சட்டையப் போட்டு வந்து நில்லுங்கண்ணே. சும்மா, எப்பவும் போல."

சனிக்கிழமை காலையில் பெண்ணாட்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டுக் கம்பத்துக்கு வந்தேன். அன்றைக்கென்று வேறு சட்டையில் போயிருந்தேன். சிம்ரன் தைத்ததை அய்யம்மாள் முதல்நாளே வாங்கி வைத்துவிட்டாள். வீட்டில் நுழைந்தால் ஆணியில் சட்டை நிற்கிறது. தொங்கவில்லை, நிற்கிறது. கஞ்சி போட்டு, நீலம் முக்கி, கரிப்பெட்டியில் தேய்த்து, கை இரண்டிலும் கத்தி மாதிரி மடிப்பு.

"தேய்க்கக் கூடாதுன்னாளேடி!"

"அவ சின்னப்புள்ள, சொல்லுவா. கொச்சியில இருந்து ஆளு வாறாக, எந்தங்கச்சி மானம் போகவா? கசங்கலோட நின்னா ஊரு சிரிக்காது?"

நேரமில்லை. மாட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனேன். என்ன பார்க்கிறேன்? கருத்தக்கண்ணன், மற்றவர்கள் எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள், பொரித்த அப்பளம் மாதிரி. ஒருத்தனுக்கொருத்தன் சொல்லாமல் அத்தனை பேரும் சலவைக்குப் போட்டு எடுத்திருக்கிறான்கள். எங்கள் ஊரில் எவனுக்கும் கற்றுக் கொடுக்க வேண்டாத மரியாதை இது. வெளியாள் வருகிறார் என்றால் மாட்டைக்கூடக் குளிப்பாட்டிவிடுவோம்.

சிம்ரன் மாடிப்படியில் இறங்கி வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

"என்னண்ணே இது?"

"எப்பிடி?" என்று கருத்தக்கண்ணன் நெஞ்சை விரித்தான். சட்டை மொறுமொறுவென்றது. "கல்யாண மாப்ள கணக்கா இருக்கோம்ல!"

அவள் கண் கலங்கியதைப் பார்த்த பிறகுதான் அவன் வாயை மூடினான். அதற்குள் பிரின்ஸ் வந்துவிட்டார்.

முப்பது வயசு இருக்கலாம். ஒடிசலான ஆள், கண்ணாடி, மெல்லிசாக ஒரு வெள்ளைச் சட்டை. மரியாதையான பேச்சு. மாடியில் புதுச்சட்டைகளைப் பார்த்தார், தையலைப் பார்த்தார், தலையை ஆட்டினார். பிறகு கீழே வந்து கருத்தக்கண்ணன் கையைத் தடவினார். கை வழுக்கியது.

"தையல் நல்லதுண்டு. பக்ஷே..." என்று இழுத்தார். "புதுசு எல்லாரும் காட்டும். இது ஆறு மாசம் உடுத்தா எப்படி மாறும்னு காணத்தான் நான் வந்தது. போட்டோவில கண்டது வேற. இது..." சரியான வார்த்தை கிடைக்காமல் மடிப்பைத் தொட்டுக் காட்டினார். "மீட்டிங்குக்குப் போற சட்டை மாதிரி உண்டு."

சிம்ரன் எங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவர்கள் தேய்த்துவிட்டார்கள், நான் சொல்லியிருந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சரிங்க சார்" என்றாள். அவர், "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன என்று பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்களைக் கண்ட எல்லாருக்கும் தெரியும்.

அவர் கட்டப்பனை போய்க் கொச்சி பஸ் பிடிக்க வேண்டும். நான் எப்படியும் பெண்ணாட்களைக் கூட்டிவர மேலே போக வேண்டியவன். மெட்டு வரை என் வண்டியிலேயே வாங்க என்றேன். அவர் முன்னால் உட்கார்ந்தார். வழியனுப்ப வருகிறேன் என்று சிம்ரன் பின்னால் ஏறிக்கொண்டாள். எங்களுக்குப் பின்னால் மற்ற ஜீப்புகளும் வரிசையாகக் கிளம்பின. அவர்களுக்கும் ஆள் எடுக்கிற நேரம்.

மலையேறத் தொடங்கியதும் சாரல் பிடித்துக்கொண்டது. ஆனி மாதச் சாரல், மேலேயிருந்து விழாது, பக்கவாட்டில் வந்து அடிக்கும். கதவில்லாத வண்டி. கொஞ்ச நேரத்தில் என் மடியில் என்னமோ பிசுபிசுவென்று ஒழுகியது. பார்த்தால் சட்டைக் கையிலிருந்து வெள்ளையாகக் கஞ்சி வடிகிறது.

"சேட்டா, எந்தா இது?" என்று பிரின்ஸ் பதறினார்.

"கஞ்சி சார். எம்பொண்டாட்டி வடிச்சது."

அவர் சிரிக்கத் தொடங்கினார். பின்னால் சிம்ரனும் சிரிப்பது கேட்டது. அன்றைக்கு அவள் முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

வளைவு வந்தது. கை தானாக ஸ்டியரிங்கை ஒடித்தது. இறங்கி, நனைந்த சட்டையைக் கழற்றி ஒரு பிழி பிழிந்து உதறினேன். கஞ்சி போய்விட்டது, மடிப்பும் போய்விட்டது. இரட்டைத் துணி நெஞ்சுக்கு வரும்படி திருப்பி மாட்டினேன். நிமிர்ந்தால், பிரின்ஸ் என்னைப் பார்க்கவில்லை. பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் ஒவ்வொரு ஜீப்பாக வந்து அதே ஓரத்தில் நின்றது. ஒவ்வொருத்தனும் இறங்கினான், கழற்றினான், பிழிந்தான், திருப்பி மாட்டினான். எவனும் எவனையும் பார்க்கவில்லை, பேசவில்லை. மழையில் ஏலக்காய் நிறத்தில் அத்தனை முதுகு.

பிரின்ஸ் வண்டியை விட்டு இறங்கி மழையில் நின்றார். மெல்லிசுச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. பல் அடித்துக்கொண்டது.

கருத்தக்கண்ணன் சும்மா இருப்பானா? "என்ன கொச்சிக்காரரே, நனஞ்ச கோழி கணக்கா நடுங்குறீக? எங்க பிள்ள தச்ச சட்ட ஒண்ணு வாங்கிப் போட வேண்டியதுதான?"

"கிட்டுமா?" என்றார் பிரின்ஸ்.

சிம்ரன் பையிலிருந்த புதுச்சட்டையைத் துழாவுவதற்குள் நான் என்னுடையதைக் கழற்றிக் கொடுத்தேன். சிம்ரன்தான் எப்படி மாட்டுவது என்று காட்டினாள். மாட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். மெட்டு வரை முழங்கையில் துணி வெளுத்திருந்த இடத்தைத் தடவிக்கொண்டே வந்தார். விலாப் பாக்கெட்டில் கையை விட்டார், எடுத்தார், விட்டார். விற்கிற சட்டையை நனைக்கக் கூடாதென்று நான் பனியனோடு நடுங்கிக்கொண்டு ஓட்டினேன். வாழ்க்கையில் அத்தனை சந்தோசமாக நான் நடுங்கியது கிடையாது.

மெட்டில் ஜீப்புக்காரர்கள் எல்லாரும் டீக்கடையில் உட்கார்ந்ததும் பிரின்ஸ் தொண்டையைச் சொறிந்தார்.

"இதில ஒரு தப்புண்டு."

சிம்ரன் கையிலிருந்த கிளாஸ் அப்படியே நின்றது.

"உங்க பேரு கழுத்தில தச்சிருக்கு. திருப்பிப் போட்டா தொண்டையில குத்துது. யாரும் சொல்லலையா?"

அவள் எங்களைப் பார்த்தாள். நாங்கள் டீயைப் பார்த்தோம். அவ்வளவு நாளும் எங்களுக்கும் குத்தியதுதான். பிள்ளை ஆசையாகத் தன் பெயரைத் தைத்திருக்கிறது, அதைப் போய்க் குத்துகிறது என்று எவன் சொல்லுவான்?

"பேர எடுக்கணுமுன்னா வேணாம் சார்" என்றாள். கிளாஸைக் கீழே வைத்தாள். "வேற என்ன வேணும்னாலும் மாத்துறேன். பேரு இருக்கணும்."

திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டியவள் பேசுகிற பேச்சா இது என்று நினைத்தேன்.

"எடுக்க யாரு சொன்னது?" என்றார் அவர். "வெளியில கொண்டு வாங்க. பாக்கெட் ஓரத்தில. முன்னாடி போட்டாலும் பின்னாடி போட்டாலும் ஆளுக காணணும். ஓணத்துக்கு என் கடை வாசல்ல இதுதான் நிக்கப் போகுது."

கட்டப்பனை பஸ் வந்தது. அவர் சட்டையைக் கழற்றவில்லை. நானும் கேட்கவில்லை.

சிம்ரன் திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை. டீக்கடைக்குப் பின்னால் சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று திருப்பூருக்குப் போன் போட்டாள். "வரல சார். இல்ல சார், சம்பளத்துக்காகவெல்லாம் இல்ல. நானே கம்பெனி வச்சிருக்கேன்" என்று சொன்னது காற்றில் எனக்குக் கேட்டது. இரண்டு மெஷின், ஒரு மாடி ரூம். கம்பெனி என்றுதான் சொன்னாள். சொல்லட்டும். நானும் அப்படித்தான் சொல்லுகிறேன்.

தோட்டத்தில் பெண்ணாட்கள் சாரலில் ஒதுங்கி நின்றார்கள். பனியனோடு வந்த என்னைப் பார்த்ததும் அன்னத்தாய் ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன கோட்டச்சாமியண்ணே, சட்டைய வித்துப்புட்டீகளா?"

"ஆமா. கொச்சிக்கு."

"நெசமாவா?"

"நெசமாத்தான். என் கொழுந்தியா தச்சது. கொச்சிக்காரக தேடி வந்து எடுத்துட்டுப் போறாக."

வண்டி இறங்க ஆரம்பித்தது. பின்னால் எல்லாரும் சிம்ரனைச் சூழ்ந்துகொண்டு அவளிடமிருந்த புதுச்சட்டை ஒன்றைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். அன்னத்தாய் அதைத் தன் மேல் வைத்துப் பார்த்தாள்.

"எனக்கொண்ணு தச்சுக் குடு ஆத்தா."

"இது ஆம்பளைக சட்டக்கா" என்றாள் சிம்ரன்.

"அடி கிறுக்குப்புள்ள! நாங்க போட்டிருக்கிறது மட்டும் யாரு சட்ட?"

கண்ணாடியில் பார்த்தேன். உண்மைதான். சேலைக்கு மேலே அத்தனை பேரும் புருசன்மாரின் பழைய முழுக்கைச் சட்டையைத்தான் மாட்டியிருந்தார்கள். தோள் இறங்கி, கை சுருட்டி. எத்தனை வருசமாக இவர்களை ஏற்றி இறக்குகிறேன், எனக்கே இப்போதுதான் கண்ணில் பட்டது.

சிம்ரனின் சிரிப்பு நின்றுவிட்டது. அன்னத்தாயின் தோள்பட்டைத் தையல் எங்கே இறங்கிக் கிடக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, கையத் தூக்குங்க" என்றாள்.